சம்பளச் சிட்டையைக் கிழித்துப் போடாதீர்கள்



சம்பள நாளில் சிட்டையைப் பார்த்ததும் கசக்கி எறிகிறோம். என் மகள் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானபோதுதான் அதன் அருமை புரிந்தது.

மகாபொல, பேர்சரி உதவிகளுக்குக் குடும்ப வருமானத்தைக் காட்ட வேண்டும். என்னிடம் ஒரு சிட்டைகூட இல்லை. செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு பெயர். தோட்டக் கந்தோர், கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம் என்று நாலு நாள் அலைந்தேன். நாலு நாள் பேரும் போனது.

உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம். மாதாமாதம் சிட்டையை எடுத்து வையுங்கள். பிள்ளை உயர்தரம் எழுதுமுன்பே பெயர்ப் பிழையைத் திருத்துங்கள். பிடித்தம் போகக் கைக்கு வந்ததை மொத்தச் சம்பளம் என்று எழுதாதீர்கள். விளங்காவிட்டால் தோட்டத் தலைவரிடம் கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை.

நம் உழைப்பின் கணக்கு அந்தச் சிட்டையில்தான் இருக்கிறது. அதைப் பிள்ளையின் படிப்புக்காகப் பத்திரப்படுத்துவோம்.