தறிவீடும் பள்ளிவாயிலும்

பள்ளிப்பட்டு வட்டாரத்தில் தறி கிடந்த வீடு ஒவ்வொன்றும் ஒரு பள்ளியாகவே விளங்கிற்று. தார் சுற்றுதல், பாவோட்டுதல், இழைக்கணக்கு ஆகிய யாவும் பிள்ளைகள் பெற்றோரிடம் பயின்றவையே. அக்கல்வியை இழிவென்று எவர் சொல்ல முடியும்?

இவ்வூர் சித்தூர் மாவட்டத்தோடு சென்னை மாநிலத்தில் இருந்த 1953இல் (அவ்வாண்டு அக்டோபரில் ஆந்திரம் சென்று 1960இல் மீண்டது) முதலமைச்சர் இராஜாஜி தொடக்கக் கல்வித் திட்டம் ஒன்றைக் கொணர்ந்தார். ஊர்ப்புறப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே வகுப்பு. எஞ்சிய பொழுது பெற்றோரின் தொழில். பள்ளிகள் போதாமை, பணமின்மை என்று காட்டிய காரணங்கள் பொய்யல்ல. ஆயினும் வீடா பள்ளியா என்பதைப் பிறந்த ஊரும் தந்தை தொழிலும் முடிவு செய்தன. பிள்ளையைக் கேட்டவர் இல்லை. நகரத்துப் பிள்ளைக்கு அத்திட்டம் இல்லை என்பதே அதன் குறையைக் காட்டிக்கொடுத்தது. எதிர்த்தோர் அதனைக் 'குலக்கல்வி' என்றனர். ஒரு சொல் ஓர் அரசாணையை வென்ற விந்தையைக் கவிஞர்கள் கருதிப் பார்க்கலாம். 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது.

பள்ளியை விலக்கி வீட்டிலேயே கற்பிக்கும் பெற்றோர் இன்று நகரங்களில் சிலர் உளர். அவர்தம் பிள்ளை விரும்பினால் நாளையே பள்ளிக்குப் போகலாம். அன்றைய நெசவாளர் பிள்ளைக்கோ, மூன்று மணி நேரம் முடிந்ததும் வாயில் சாத்தப்பட்டது.