ஒரு கேமுக்கு எதுக்குங்க கெர்னல் வரைக்கும் அனுமதி?

நேயர் ஒருத்தர் அனுப்பின குரல் பதிவுல இருந்தே இன்னைக்கு ஆரம்பிச்சிடறேன். வேலொரண்ட் விளையாடுறவர். "கேமைத் திறக்கவே இல்ல, கம்ப்யூட்டரை ஆன் பண்ணதுமே வேன்கார்ட் ஓட ஆரம்பிச்சிடுதே, எதுக்கு?"ன்னு கேட்டிருந்தார். நல்ல கேள்வி.

நாம திறக்கிற பிரவுசர், கேம் எல்லாமே அதது அதனதன் வேலிக்குள்ளதான் ஓடுது. ஒன்னு இன்னொன்னோட மெமரியை எட்டிப் பார்க்கணும்னா ஆபரேட்டிங் சிஸ்டம் விடணும். அந்த அனுமதியைக் கொடுக்கிற இடம்தான் கெர்னல். அங்க ஒரு டிரைவரை ஏத்திட்டா, ரேம்ல இருக்கிறது, நாம டைப் பண்றதுன்னு எல்லாத்தையும் பார்க்கிற பலம் அதுக்கு வந்துடும். பார்க்குதுன்னு நான் சொல்லல. பார்க்க முடியும்.

ரயட் நிறுவனத்தோட பக்கத்தையும் சொல்லணும். சுவருக்குப் பின்னாடி இருக்கிறவனைக் காட்டுற சீட், தானா குறிபார்க்கிற சீட் எல்லாம் முதல்ல கெர்னலுக்குள்ள போயிடுச்சு. வெளிய நிக்கிற காவலாளிக்கு உள்ள இருக்கிற திருடன் தெரிய மாட்டான். சீட் முதல்ல ஏறிக்கக் கூடாதுன்னுதான் வேன்கார்ட் பூட் ஆகும்போதே ஏறுது. அதை அணைச்சு வைக்கலாம், ஆனா மறுபடி விளையாடணும்னா ரீஸ்டார்ட் பண்ணணும். 2020ல வேலொரண்ட்டோட வந்தது, 2024 மே மாசம் லீக் ஆஃப் லெஜெண்ட்ஸுக்கும் கட்டாயமாச்சு. லினக்ஸ்ல வைன் வச்சு லீக் விளையாடிட்டு இருந்தவங்களுக்கு அதோட கதை முடிஞ்சது.

அந்த நிறுவனம் நல்லவங்களா கெட்டவங்களாங்கிறதுலயே எல்லாரும் நிக்கிறாங்க. எனக்குப் பயம் அங்க இல்ல. ரெண்டு சம்பவம் சொல்றேன்.

2013, அமெரிக்கா. கவுன்டர் ஸ்ட்ரைக் போட்டி நடத்துற இஎஸ்இஏ. அங்க விளையாட அவங்க ஆன்டி-சீட் மென்பொருளைப் போட்டே ஆகணும். அந்த மென்பொருளுக்குள்ள பிட்காயின் மைனிங் கோட் சேர்ந்துச்சு. சுமார் 14,000 கம்ப்யூட்டர்கள், உரிமையாளருக்கே தெரியாம, யாருக்கோ பணம் தோண்டிக் கொடுத்துச்சு. நியூ ஜெர்சி அரசு வழக்கு வரைக்கும் போய், 10 லட்சம் டாலர் சமரசத்துல முடிஞ்சது. இதுல ஹேக்கர் யாரும் வெளிய இருந்து வரல. கம்பெனிக்குள்ள இருந்தவங்க செஞ்ச வேலை.

அடுத்தது 2022. இது இன்னும் மோசம். ஜென்ஷின் இம்பாக்ட் கேமோட ஆன்டி-சீட் டிரைவரை ரான்சம்வேர் கும்பல் ஒன்னு எடுத்துக்கிட்டதா ட்ரெண்ட் மைக்ரோ எழுதினாங்க. அந்த டிரைவர்ல முறையான டிஜிட்டல் கையெழுத்து இருக்கு, அதனால விண்டோஸ் நம்பி உள்ள விடுது. அதை வச்சே ஆன்டிவைரஸை நிறுத்திட்டு, ஃபைல்களைப் பூட்டிட்டாங்க. கவனிங்க: பாதிக்கப்பட்ட மெஷின்ல ஜென்ஷின் இருக்கணும்னு அவசியமே இல்ல. டிரைவர் ஃபைலைக் கும்பலே கையோட கொண்டு வந்துடும். வாழ்க்கையில ஒரு கேம்கூட விளையாடாத அக்கவுன்டன்ட்டோட கம்ப்யூட்டரும் மாட்டலாம்.

அதனாலதான் "எங்க டிரைவர் தகவல் எதையும் சேகரிக்கல"ங்கிற பதில் எனக்குப் பத்தல. அது உண்மையாவே இருக்கட்டும். ஒரு ஓட்டை விழுந்தா என்ன ஆகும்ங்கிறதுக்கு அது பதில் இல்லியே.

இவ்வளவு செஞ்சும் சீட் ஒழிஞ்சுதான்னா, அதுவும் இல்ல. இப்ப தனி ஹார்டுவேர் கார்டைச் சொருகி, இன்னொரு கம்ப்யூட்டர்ல இருந்து மெமரியைப் படிக்கிறாங்க. அதைப் பிடிக்க ஆன்டி-சீட் இன்னும் கீழ, பயாஸ் செட்டிங் வரைக்கும் இறங்குது.

சரி, நாம என்ன பண்றது? 2024 அக்டோபர்ல இருந்து, கெர்னல் ஆன்டி-சீட் இருந்தா கேம் பக்கத்துலயே அறிவிக்கணும்னு ஸ்டீம் விதி போட்டிருக்கு. வாங்குறதுக்கு முன்னாடி அதைப் பாருங்க. விளையாடியே ஆகணும்னா, முடிஞ்சவங்க கேமுக்குத் தனி மெஷின் வச்சுக்கங்க. ஒரே மெஷின்தான்னா, நெட் பேங்கிங்குக்கும் வேலைக்கும் வேற டிஸ்க்ல வேற ஆபரேட்டிங் சிஸ்டம் போடுங்க. அந்த டிஸ்க்கை என்க்ரிப்ட் பண்ணுங்க. இல்லேன்னா பிரிச்சு வச்சும் பயனில்ல, கெர்னல்ல உட்கார்ந்திருக்கிற டிரைவர் பக்கத்து டிஸ்க்கையும் படிச்சிடும். கேமை நீக்கும்போது வேன்கார்டையும் தனியா நீக்கணும், அது கூடவே போயிடாது.

என்க்ரிப்ஷன் எப்படிப் போடுறதுன்னு அடுத்த எபிசோட்ல ஒவ்வொரு படியா பார்ப்போம்.