பஸ் ஏறிய ஐந்து கிலோ

ஏலக்காய் மணக்கிற போடியில் ஒருவன் மேடையேறி கஞ்சாவைப் பற்றிப் பேசினால், முன்வரிசைப் பெரியவர்கள் முகம் சுளிக்கத்தான் செய்வார்கள். செய்தித்தாளில் தேனி மாவட்டம் என்று கண்ணில் பட்டாலே, அடுத்த வரியில் கஞ்சா வழக்கு இருக்குமோ என்று பதறுகிறவர்கள் நாம். பயப்பட வேண்டாம். இன்றைய பேச்சு கஞ்சா விற்றவரைப் பற்றியதல்ல, புகைத்தவரைப் பற்றியதுமல்ல. அதைக் குடுவையில் போட்டுக் கேள்வி கேட்டவரைப் பற்றியது.

ரஃபேல் மெஷூலம். 1930இல் பல்கேரியாவின் சோஃபியா நகரில் பிறந்தவர். 1949இல் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தவர். 1960களின் தொடக்கத்தில் வைஸ்மன் ஆய்வு நிலையத்தில் இளம் வேதியியலாளர். அபினியிலிருந்து மார்ஃபினைப் பிரித்து நூறு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. கோகோ இலையிலிருந்து கோகைனையும் பிரித்தாயிற்று. கஞ்சாவில் போதை தருவது எது என்று மட்டும் ஏன் யாருக்கும் தெரியவில்லை? இதுதான் அவரைக் குடைந்த கேள்வி.

ஆராயச் சரக்கு வேண்டுமே! போலீஸிடமே கேட்டார். லெபனானிலிருந்து கடத்தி வந்து பிடிபட்ட ஹஷீஷ் என்கிற கஞ்சாப் பிசினில் ஐந்து கிலோவைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார் மனுஷன்! பஸ்ஸில் இருந்தவர்களெல்லாம் ‘இது என்ன வாடை?’ என்று கேட்டார்களாம். கொடுத்தவரும் குற்றவாளி, வாங்கியவரும் குற்றவாளி என்பது பிறகுதான் தெரிந்தது. சுகாதார அமைச்சகத்தில் போய் வருத்தம் தெரிவித்து, முறைப்படி அனுமதி வாங்கினார். நம் போடிமெட்டு செக்போஸ்டில் அந்தப் பை மாட்டியிருந்தால்... சரி, அந்தக் கதை வேண்டாம்!

1963இல் சிபிடி என்கிற கன்னாபிடியாலின் அமைப்பைக் கண்டார். 1964இல் யெஹியேல் காவோனியோடு சேர்ந்து, போதை தரும் டிஎச்சியைப் பிரித்தெடுத்தார். பிறகு மனைவி டாலியா கேக் சுட்டார். நண்பர்கள் சாப்பிட்டார்கள், டிஎச்சி கலந்த துண்டு சிலருக்கு, கலக்காதது சிலருக்கு. கலந்ததைத் தின்றவர்களில் ஒருவருக்குப் பேச்சு நிற்கவில்லை, ஒருவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை, ஒருவருக்கோ பயம் பிடித்துக்கொண்டது. அளவு ஒன்றுதான், ஆளுக்கு ஒரு கூத்து.

சரி, செடியில் இருக்கிற பொருள் மூளையில் எங்கே போய் ஒட்டுகிறது? 1988இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஆலின் ஹவ்லெட்டும் வில்லியம் டெவேனும் அதற்கான ஏற்பியைக் காட்டினார்கள். அந்த டெவேன், மெஷூலம் அப்போது இருந்த ஜெருசலேமுக்கு வந்தார். ஹனூஷ் என்கிற செக் வேதியியலாளரும் சேர, 1992இல் மெஷூலம் குழு பன்றி மூளையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தது: ஆனந்தமைடு. செடியே வேண்டாம், உடம்பே தனக்கு வேண்டியதைச் செய்துகொள்கிறது! மைக்கில் கத்துகிறவனைப் பார்த்து முன்வரிசை ‘கொஞ்சம் மெதுவாக’ என்று கை காட்டுவதில்லையா? சேதி வாங்குகிற நரம்பணு, சேதி அனுப்புகிற நரம்பணுவை இந்த வகைப் பொருளால்தான் அப்படி அடக்குகிறது. (கை காட்டியாயிற்று, தெரிகிறது. இன்னும் ரெண்டே நிமிஷம்.)

மனசு ஆறாத இடம் ஒன்று உண்டு. 1839. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் ஓஷானசி என்கிற டாக்டர். பின்னாளில் இந்தியாவில் தந்திக் கம்பி இழுத்தவரும் அவரே. வலிப்பில் துடித்த பச்சைக் குழந்தைக்குக் கஞ்சாச் சாற்றைச் சொட்டுக் கணக்கில் கொடுத்துப் பார்த்து எழுதி வைத்தார். 1980இல் மெஷூலம், பிரேசிலின் கார்லினியோடு சேர்ந்து வலிப்பு நோயாளிகள் எட்டுப் பேருக்கு சிபிடி கொடுத்தார். நாலு பேருக்கு வலிப்பு ஏறக்குறைய நின்றே போனது, மூன்று பேருக்கு ஓரளவு குறைந்தது. உலகம் என்ன செய்தது? கும்பகர்ணத் தூக்கம் போட்டது! சிபிடி மருந்துக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது 2018இல். முப்பத்தெட்டு வருஷம்! அதற்குள் எத்தனை பிள்ளைகள் வலிப்பில் கிடந்திருக்கும்?

இந்தப் பக்கம் இப்படித் தூங்கினால், அந்தப் பக்கம் சிலர் கூவுகிறார்கள். பெயர் வேண்டாம். ‘சிவமூலிகை, சகல நோயும் தீரும்’ என்று பாட்டில் விற்கிற புண்ணியவான்கள்! எட்டுப் பேரை வைத்துச் சோதித்தவர், இன்னும் பெரிய சோதனை வேண்டும் என்றார். ஒருத்தரையும் சோதிக்காதவர்கள் புற்றுநோய்க்கே உத்தரவாதம் தருகிறார்கள். டிஎச்சி வளரும் மூளையைக் கெடுக்கக்கூடும் என்பதை மட்டும் அந்தப் பாட்டிலில் ஒட்டுவதில்லை.

நம் ஊருக்கு வருவோம். 2008இல் சூரிச்சிலிருந்து யூர்க் கெர்ட்ஷ் குழு ஒரு கட்டுரை வெளியிட்டது. கேரியோஃபில்லின் என்கிற வாசனைப் பொருள், உடம்பில் சிபி2 என்னும் ஏற்பியில் போய் ஒட்டுகிறது. எலிகளில் வீக்கத்தையும் குறைத்தது. சிபி2 பெரும்பாலும் நோய் எதிர்ப்பு அணுக்களில் இருப்பது. போதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கேரியோஃபில்லின் எதில் இருக்கிறது? கஞ்சாவில் இருக்கிறது, கிராம்பில் இருக்கிறது. ஏலத் தோட்டத்து நிழல் மரங்களில் நாம் ஏற்றிவிட்ட மிளகுக் கொடியிலும் இருக்கிறது!

கைதட்டிவிட்டு நாளைக்கே மிளகுக் கஷாயத்துக்குப் புதுப் பெயர் வைத்துவிடாதீர்கள். மெஷூலம் 2023 மார்ச்சில் தொண்ணூற்றிரண்டு வயதில் மறையும் வரை, சோதித்துப் பார்க்க வேண்டும் என்றே சொல்லிவந்தார். ஏலக்காயை மில்லிமீட்டர் கணக்கில் சலித்து, பச்சை மாறாமல் உலர்த்தி, ரகம் பிரித்து விலை பேசுகிறவர்கள் நாம். ஏல விவசாயிகள் காசு போட்டு நடத்துகிற கல்லூரியே இந்த ஊரில் இருக்கிறது. போடிமெட்டு மிளகிலும் குரங்கணி மிளகிலும் கேரியோஃபில்லின் எத்தனை சதவீதம் என்று அங்கே படிக்கிற பிள்ளைகள் அளக்கட்டும். ரசாயனத்துக்கும் கருவிக்கும் ஆகிற செலவை, இந்த மேடையில் எனக்குப் பொன்னாடை போர்த்திய வியாபாரிகள் ஏற்றுக்கொள்ளட்டும். யார் யார் என்று இப்போதே கை தூக்குங்கள், பார்ப்போம்!