சுபேதார் சுப்பிரமணியன் திருத்திய வழி

(நாஞ்சில் நாட்டு ஐக்கிய நாணயச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



யுத்தகளத்தில் வீரமென்றால் எதிரியை வீழ்த்துவதே என்று நம்மில் பலர் எண்ணி வருகிறோம். பின்னால் வருவோர் க்ஷேமமாகச் செல்லும்படி வழியமைப்பதும் வீரமே என்பதற்குத் தமிழர் ஒருவரே சாட்சியாக நிற்கிறார். அவர் செங்கற்பட்டு ஜில்லாக் கிராமமொன்றில் பிறந்த சுபேதார் சுப்பிரமணியன்.

அவர் சேவை புரிந்த மதராஸ் சாப்பர்ஸ் படை 1780ஆம் ஆண்டில் தோன்றியது. பாலம் கட்டுதல், பாதை போடுதல், கண்ணிவெடி அகற்றுதல் ஆகியவை அப்படையினரின் தொழில். டெலிபோன் கம்பி இழுத்துச் செல்லும் சிக்னல் வீரரும், காயமுற்றோரைச் சுமந்து வருவோரும் இவர்கள் திருத்திய வழியிலேயே கால் வைப்பர்.

1944ஆம் ஆண்டின் துவக்கத்தில் இத்தாலி தேசத்துக் கசீனோ மலைப்பகுதியில் கடும்போர் நடந்தது. ஜெர்மானியர் அங்கே நிலத்தடியில் கண்ணிவெடிகளைப் புதைத்து வைத்திருந்தனர். அவற்றைத் தேடுவோர் நீண்ட கோலின் முனையிலுள்ள தட்டைத் தரைக்கு மேலாக அசைத்துக்கொண்டு முன்னே நடப்பர். கீழே உலோகம் இருந்தால் காதுக்குழாயில் ஒலி மாறும். பின்னே வருபவர் வெள்ளை நாடாவை விரித்து, அபாயமற்ற வழியைக் குறிப்பார்.

அக்கண்ணிகளுள் ஒரு வகை மிகக் கொடியது. காலால் மிதித்தவுடன் அது வெடிப்பதில்லை. சுமார் 4 விநாடி கழிந்ததும் நிலத்திலிருந்து இடுப்பளவு எழும்பி வெடித்து, நூற்றுக்கணக்கான எஃகு உருண்டைகளை நாற்புறமும் சிதறும்.

1944 பிப்ரவரி 24ஆம் தேதி, மிக்னானோ என்னும் ஊருக்கருகே, சுப்பிரமணியன் கருவியேந்தி முன்னே சென்றார். நாடா விரிப்பவர் பின்தொடர்ந்தார். அப்பொழுது பின்னால் ஒரு கண்ணி மிதிபட்டது. எஞ்சியிருந்தவை சில விநாடிகளே. அவர் திரும்பிப் பாய்ந்து, தம் உடலாலேயே அதனை மூடிக்கொண்டார். வெடியின் வேகம் முழுவதையும் அவர் தேகம் தாங்கியது. சில நிமிஷங்களில் அவர் உயிர் பிரிந்தது. உடன் வந்தோரின் உயிரை அச்செயல் காத்தது.

எதிரியோடு நேருக்கு நேர் பொருதும் வேளையிலன்றி வேறு அபாயங்களில் காட்டும் உன்னத வீரத்திற்காக 1940இல் ஏற்படுத்தப்பட்டது ஜார்ஜ் சிலுவைப் பதக்கம். அது அவருக்கு மரணத்திற்குப் பின் அவ்வாண்டிலேயே அளிக்கப்பட்டது.

அன்பர்களே! அந்தச் சில விநாடிகளின் பொருளை அவர் எப்படி அறிந்தார்? தம் தொழிலின் நுட்பத்தைத் தெளிவாகக் கற்றிருந்தமையால் அறிந்தார். யோசிக்க நேரமில்லாத வேளையில் நெடுநாள் பழக்கமும் கடமையுணர்வும் அவரை நடத்தின. முன்னே செல்பவர் பின்னே வருவோருக்குப் பொறுப்பாளி என்பதே அவர் வாழ்ந்து காட்டிய நீதி.

நாஞ்சில் நாட்டு விவசாயிக்கு இந்நீதி புதிதன்று. தலைமடைக்காரர் முறை தவறினால் கடைமடை வயல் காயும். சங்கத்தில் முந்திக் கடன் பெற்றவர் தவணை தவறினால், அடுத்து விண்ணப்பிக்கும் ஏழை அங்கத்தினருக்குப் பணமிராது. கணக்கைப் படித்தறியாமல் கையொப்பமிடும் நிர்வாகி, தாம் சோதிக்காத வழியில் பிறரை நடத்துகிறார்.

நம் கிராமங்களில் பட்டாளத்திலிருந்து திரும்பியவரும், திரும்பாதவர்களின் குடும்பத்தாரும் உள்ளனர். பென்ஷன் மனு எழுதவும், கடனுக்கு ஜாமீன் நிற்கவும் அவர்களுக்கு ஒரு துணை வேண்டும். அத்துணையாக நம் சங்கம் இருக்குமாயின், அதுவே சுப்பிரமணியனுக்கு நாம் செலுத்தும் தக்க மரியாதையாகும்.