கூடிப் பணியாற்றும் கல்வி

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கூட்டங் கூட்டுதல் நமக்கு எளிது. கூடிப் பணி செய்தல் அரிது. சென்ற ஆண்டு, மாணவர் விடுதியில் இரவு ஒன்பது மணிக்கு விளக்கணைத்தல் வேண்டுமென நாம் தீர்மானித்தோம். மூவர் பேசினர், ஏனையோர் வாளாவிருந்தனர். ஏகமனதாய் நிறைவேறிற்றென எழுதிக் கொண்டோம். மறு திங்களே பிள்ளைகள் பதினொருவர் விடுதியை விட்டகன்றனர். அவர்தம் கருத்தை நாம் கேட்டோமில்லை. குற்றம் நம்முடையதே.

குழுவை நடத்துதலும் பயின்று பெறவேண்டிய ஒரு கலையாம். 1889-இல் சிக்காகோ நகரில் ஜேன் ஆடம்ஸ், எல்லன் கேட்ஸ் ஸ்டார் என்னும் அம்மையார் இருவர் ஹல் இல்லத்தை நிறுவி, குடியேறிய ஏழை மக்களிடையே கழகங்களும் வகுப்புகளும் நடத்தினர். 1923-இல் கிளீவ்லாந்து நகரத்து வெஸ்டர்ன் ரிசர்வ் சர்வகலாசாலையில் குழுப்பணி தனிப் பாடமாயிற்று. பின்னர் அங்கே நெடுங்காலம் ஆசிரியராயிருந்த கிரேஸ் காயில் அம்மையார், குழுக்களின் இயல்பு பற்றி 1930-இல் நூல் இயற்றினார். நம் தேசத்தில் பம்பாயில் 1936-இலும், சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் முயற்சியால் 1952-இலும் சமூகப்பணிக் கல்விச்சாலைகள் தோன்றின.

இக்கல்வி ஏட்டுப் படிப்பு மட்டுமன்று. மாணாக்கர் வாரந்தோறும் களஞ்சென்று சிறுவர் குழுவையோ மாதர் குழுவையோ நடத்துவர். எவர் பேசினர், எவர் பேசாதிருந்தனர், தாம் செய்தது யாது என விரிவாய் எழுதுவர். மேற்பார்வை ஆசிரியர் அதனைப் படித்துக் குறைநிறை எடுத்துரைப்பர். கரையில் நின்று நீந்தக் கற்றவர் உளரோ?

டக்மன் என்னும் அறிஞர் 1965-இல், குழுவானது கூடுதல், பூசலிடுதல், நெறி வகுத்தல், செயலாற்றல் என்னும் நான்கு நிலைகளைக் கடப்பதாகக் கூறினார். 1977-இல் மற்றோர் அறிஞருடன் சேர்ந்து, கலைதல் என்பதை ஐந்தாவதாகச் சேர்த்தார். எனவே, பூசல் எழுந்ததுகொண்டு சங்கம் கெட்டதென அஞ்சவேண்டா. வாய்திறவாமல் அடக்கி வைத்த பூசலன்றோ நம் விடுதியில் பதினொரு பாய்களைச் சுருட்டிற்று!

இனி யாது செய்வோம்? கூட்டங்களில் வட்டமாய் அமர்வோம். இளையோரும் சகோதரிகளும் முதலிற் பேசுக. பெரியோர் இறுதியிற் பேசுவோம். சமூகப்பணி பயில விரும்பும் நம் பிள்ளைகளுக்குச் சங்க நிதியினின்று உதவுவோம். அதற்கு முன்னர், விட்டகன்ற பதினொருவர் இல்லங்கட்கும் நாமே சென்று, தீர்மானத்தைக் கையிற் கொள்ளாது, அவர் சொல்வதைக் கேட்டு வருவோமாக.