குளம் பெரிசு, குடத்து வாய் சின்னது

நடுவர் அவர்களே! மின்சார காருக்கு வேக சார்ஜிங் நிலையம் தேடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது வேகமா, இடமா? இதுதான் தலைப்பு. எதிரணி நண்பர், "60 கிலோவாட் போர்டு தொங்குற இடத்துக்குப் போ"ன்னு முழங்கிட்டுப் போயிட்டார். கைதட்டலும் வாங்கிட்டார்.

மயிலாப்பூர்த் தெப்பக்குளம் ததும்பி நிக்குது. நீங்க கொண்டுபோன குடத்துக்கு வாய் சின்னது. குளம் பெரிசுங்கறதுக்காகக் குடம் சீக்கிரம் நிறையுமா? உங்க கார் 30 கிலோவாட்தான் வாங்கும்னா, 60-லே மாட்டினாலும் 30தான்! ரெண்டு கார் மாட்டினா அந்த 60-ஐயே பங்கு போடுற கருவியும் உண்டு.

சி.சி.எஸ். 2 பிளக் பொருந்தணும். அதுலே தகராறே இல்லை. 40 யூனிட் பேட்டரியை 20 சதவீதத்திலிருந்து 80-க்கு ஏற்ற 24 யூனிட் வேணும். 30 கிலோவாட்டிலே அது முக்கால் மணிக்கு மேல். 80-ஐத் தாண்டினா வேகம் தானாகக் குறையும். அப்பவும் "நூறு ஆகட்டும்"னு உட்கார்ந்திருந்தா, தீபாவளி நேரத்து தி.நகரிலே பின்னாலே காத்திருக்கிறவர் வாழ்த்தவா செய்வார்?

அடையாறுலே பழைய அடுக்குமாடி. கார் நிறுத்துற இடத்துலே சார்ஜர் வைக்கச் சங்கம் சம்மதிக்கலை. அந்த வீட்டுப் பொண்ணு வேலை முடிஞ்சு ராத்திரி பத்து மணிக்கு, தனியா, அந்த முக்கால் மணி நேரம் காருக்குள்ளே உட்காரணும். வெளிச்சம் இருக்கா? கழிப்பறை இருக்கா? கூப்பிட்டா வர ஓர் ஆள் இருக்கா? எதிரணியோட போர்டுலே இதெல்லாம் எழுதியிருக்கா, நடுவர் அவர்களே?