ஆயாசம் என்னும் ஒரு சொல்

சித்தூருக்கும் திருப்பதிக்கும் செவிலியர் நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் நம் பெண்கள் சான்றிதழ்களைச் செவ்வனே அடுக்கிக்கொள்கிறார்கள். நன்று. இந்தியச் செவிலியர் மன்றம் 2016-இல் தீவிர சிகிச்சைக்கென வகுத்த ஈராண்டு முதுநிலைப் பயிற்சி பெற்றவராயினும், ஆந்திர மாநில மன்றத்தில் பதிவு வேண்டும்.

மொழிபெயர்ப்பாளனாகிய எனக்குக் கவலை வேறு. தெலுங்கர் கூறும் ‘நொப்பி’ நம் நோவுக்கு உறவு, இடரில்லை. ‘ஆயாசம்’ அப்படியன்று. நமக்கு அது களைப்பு; அவர்களுக்கோ மூச்சிரைப்பு. களைப்பை அவர்கள் ‘நீரசம்’ என்பர். ஆயாசம் என்றவரை ஓய்வெடுக்கச் சொல்லி அகன்றால் உயிருக்கே ஊறு நேரலாம்.

இத்தகைய நோயாளிக்கு முதலில் என்ன செய்வீர் எனத் தேர்வாளர் வினவினால், சாய்ந்து அமரச் செய்து, மூச்சை எண்ணி, இரத்தத்தில் பிராணவாயுவின் அளவு பார்த்து, உடனே மருத்துவரை அழைப்பேன் என்று நிதானமாகக் கூறுங்கள், இயன்றால் தெலுங்கிலேயே.